காரில் துரு ஓட்டை: சுவரிலா, தூணிலா?

கடன் கட்டி முடித்த கார் வாசலில் நிற்பது ஒரு நிம்மதி. நம் நாட்டில் காருக்கு 9 ஆண்டு வரை தவணை கட்டலாம். அதைக் கட்டி முடித்த பிறகு கார் ஓடும் ஒவ்வொரு மாதமும் குடும்பத்துக்கு மிச்சம்தான். பிள்ளையின் டியூஷன் பணமும் அம்மாவின் மருந்துச் செலவும் பல வீடுகளில் அந்த மிச்சத்திலிருந்துதான் போகின்றன. அப்பா வைத்திருந்த சாகாவை, வேலைக்குச் சேர்ந்த மகன் ஓட்டுகிறான். அக்காவின் கன்சில் தங்கைக்கு வருகிறது. இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் காரைக் கழுவும்போது, பின் சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் கொப்புளம் போல உப்பியிருப்பது கண்ணில் படுகிறது. விரலால் அழுத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகிறது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதல் புரோட்டோன் சாகா 1985இல் வந்தது. பெரோடுவா கன்சில் 1994இல் வந்து, 2009இல் உற்பத்தி நின்றது. ஆக, இன்று சாலையில் ஓடும் கன்சில்களில் மிக இளையதற்கே 15 வயது தாண்டிவிட்டது. இத்தனை மழைக்காலம் பார்த்த தகட்டில் துரு பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஓட்டையைப் பார்த்ததும் நம்மில் பலர் கேட்கும் கேள்வி, 'இதை அடைக்க எவ்வளவு ஆகும்?' என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'ஓட்டை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது?' இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால், மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் மிச்சம் பிடிக்கலாம். செலவழித்தே ஆக வேண்டிய இடத்தில் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கலாம்.

துரு உள்ளேயிருந்து வருகிறது

பனி கொட்டும் நாடுகளில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கு எதிரி, தேங்கி நிற்கும் தண்ணீர். கடலோர ஊர்களில் மட்டும் உப்புக் காற்றும் அதோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

காரின் கதவுகளுக்கு அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக வைக்கப்பட்டவை அவை. மரத்தடியில் நிறுத்தும் காரில் காய்ந்த இலையும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் கதவின் வயிற்றில் தண்ணீர் நிற்கும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் இதே கதைதான். பின் சக்கர வளைவின் உள் மடிப்பில் சேறு ஒட்டிக்கொண்டு, ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்திருக்கும். பூட்டின் ரப்பர் தேய்ந்திருந்தால், மாற்று டயர் கிடக்கும் பள்ளம் குளமாகிவிடும். ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டால் கால் மிதிக்கும் இடத்தில் கார்ப்பெட் ஊறும்.

வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படி மூழ்கிய காரை வெளியே எவ்வளவு பளபளப்பாகத் துடைத்தாலும், தகட்டு மடிப்புகளுக்குள் புகுந்த சேறு அங்கேயே தங்கிவிடக்கூடும்.

இரும்பு துருவாக மாறும்போது அதற்குக் கூடுதல் இடம் தேவைப்படும். அதனால்தான் மேலே உள்ள பெயிண்ட் உப்புகிறது. நம் கண்ணுக்குக் கொப்புளம் தெரியும் நேரத்தில், உள்பக்கம் துரு பல மாதம் வேலை செய்து முடித்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மீண்டும் வேலை இருக்கும்.

சுவரா, தூணா?

வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் சிமெண்டு பூசுகிறோம். தூணில் விரிசல் விட்டால் அப்படிப் பூசிவிட்டு உள்ளே தூங்குவோமா? காருக்கும் இதே கணக்குதான். இன்றைய சாதாரண கார்களில் தனியாக ஒரு சட்டம் கிடையாது. தகடுகளை ஒட்டவைத்துச் செய்த உடம்பேதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. ஆனால் எல்லாத் தகடும் ஒரே அளவு பாரம் தாங்குவதில்லை.

மட்கார்டு, கதவின் வெளித்தகடு, பானெட், பூட் மூடி, சக்கர வளைவின் வெளி விளிம்பு ஆகியவை சுவர்கள். இவற்றில் ஓட்டை விழுந்தால் அழகு கெடும், தண்ணீர் புகும். உடனடியாக உயிருக்கு ஆபத்து இல்லை. இங்கே நாமே வேலை செய்யலாம்.

கதவைத் திறந்தால் காலடியில் நீளமாகத் தெரியும் படி, கூரையைத் தாங்கும் கதவுத் தூண்கள், இருக்கையும் சீட் பெல்ட்டும் போல்ட் போடப்பட்ட இடங்கள், அப்சோர்பர் பொருந்தும் மேடை, அடியில் ஓடும் நீளமான பெட்டிச் சட்டங்கள், கால் மிதிக்கும் தளம் ஆகியவை தூண்கள். மோதல் நடக்கும்போது நம்மையும் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டியவை இவைதான். சீட் பெல்ட் கெட்டியாக இருந்து, அது மாட்டியிருக்கும் தகடு அப்பளம் போல இருந்தால் என்ன பயன்? இந்த இடங்களில் ஃபைபரும் புட்டியும் கூடவே கூடாது. கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே வழி.

தளத்திலோ பூட்டின் அடியிலோ ஓட்டை இருந்தால் இன்னொரு அபாயமும் உண்டு. புகைக்குழாயில் கசிவு இருந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்த வழியாக உள்ளே வரலாம். ஏர்கோன் போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு அது தெரியவே தெரியாது.

சோதிப்பது எளிது. கார்ப்பெட்டைத் தூக்குங்கள், மாற்று டயரை வெளியே எடுங்கள். சந்தேகமான இடத்தை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மொத்தென்று கேட்கும். பிறகு முனையால் அழுத்திப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: ஜாக் வைக்கும் இடம் அந்தக் காலடிப் படியை ஒட்டித்தான் இருக்கிறது. படி துருப்பிடித்த காரை அங்கே ஜாக் வைத்துத் தூக்கினால் தகடு நசுங்கிக் கார் சரியலாம். ஜாக்கை மட்டும் நம்பி எந்தக் காருக்கு அடியிலும் போகாதீர்கள்.

சிங்கப்பூரில் 3 முதல் 10 வயது வரையுள்ள கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. மலேசியாவில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஆண்டுதோறும் பரிசோதனை கிடையாது. நம் காரின் துருவை நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

ஒட்டுவதைவிட மாற்றுவது மலிவு

ஓட்டை சுவரில்தான் என்று உறுதியானதும் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: அந்தப் பாகம் போல்ட் கழற்றி எடுக்கக்கூடியதா?

பெரும்பாலான கார்களில் முன் மட்கார்டு, பானெட், பூட் மூடி, கதவு எல்லாம் போல்ட்டில் நிற்பவை. பழைய கார்களைப் பிரித்து விற்கும் 'பொத்தோங்' கடைகளில் இவை கிடைக்கும். சாகா, வீரா, கன்சில் போன்ற கார்கள் ஏராளமாக ஓடியவை என்பதால் தேடினால் அகப்படும். துரு இல்லாத ஒரு மட்கார்டை வாங்கி மாட்டினால், ஒட்டுப்போடும் நேரம், பொருள், தூசி எல்லாமே மிச்சம். அதிர்ஷ்டம் இருந்தால் நம் கார் நிறத்திலேயே கிடைத்து, பெயிண்ட் செலவும் குறையும். வாங்கும் முன் உள்பக்கத்தையும் கீழ் மடிப்பையும் திருப்பிப் பாருங்கள். துருவைக் கொடுத்து வேறொரு துருவை வாங்கி வந்துவிடக் கூடாது.

பின் மட்கார்டு அப்படியல்ல. அது உடம்போடு வெல்டிங் செய்யப்பட்டது. நம் ஊரில் அதிகம் ஓட்டை விழுவதும் அங்கேதான். அதன் வெளி விளிம்பில் ஐம்பது காசு அளவிலோ உள்ளங்கைக்குள் அடங்கும் அளவிலோ விழும் ஓட்டையைத்தான் வீட்டில் சரிசெய்யப் போகிறோம்.

வாங்க வேண்டியவை

கம்பி பிரஷ், 60, 80, 180, 320, 600 எண் மணல் தாள்கள், துரு மாற்றும் திரவம், ஃபைபர் கிளாஸ் பாய், அதற்கான ரெசினும் ஹார்டனரும், நம் பட்டறைகளில் 'சிமென்' என்று சொல்லும் புட்டி, ப்ரைமர், கார் நிற ஸ்பிரே, கிளியர் ஸ்பிரே, ஒட்டும் காகித டேப், பழைய நாளிதழ். கூடவே முகக்கவசம், கண்ணாடி, கையுறை. இந்த மூன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. புட்டித் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஒரு சின்ன ஓட்டைக்கு ஏறக்குறைய 150 வெள்ளியை ஒதுக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். பிராண்டைப் பொறுத்து விலை கூடும், குறையும். நிறத்தை 'வெள்ளை', 'சில்வர்' என்று சொல்லிக் கேட்காதீர்கள். பானெட்டுக்கு அடியிலோ கதவு ஓரத்திலோ உள்ள தகட்டில் பெயிண்ட் எண் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வேலை, படிப்படியாக

வெயில் அடிக்கும் இரண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். காற்றோட்டமான நிழலில் காரை நிறுத்துங்கள்.

1. நன்றாகக் கழுவி, உள் மடிப்பில் உள்ள சேற்றையும் வெளியேற்றி, முழுதாகக் காய விடுங்கள். சுற்றிலும் டேப்பும் நாளிதழும் ஒட்டுங்கள்.

2. கம்பி பிரஷாலும் 60 எண் தாளாலும் தேயுங்கள். ஓட்டையைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்குத் தகடு வெள்ளி போல மின்ன வேண்டும். மொறுமொறுவென்று உதிரும் தகட்டைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். ஐம்பது காசு ஓட்டை தோசைக் கரண்டி அளவாகிவிடும். பயப்பட வேண்டாம், அதுதான் அதன் உண்மையான அளவு. பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கும் பக்கமானால், உள்ளே பெட்ரோல் குழாய் போகிறது. அங்கே தீப்பொறி பறக்கும் கிரைண்டர் கூடாது. கையாலேயே தேயுங்கள்.

3. ஓட்டையின் விளிம்பைச் சின்னச் சுத்தியலால் மெதுவாக உள்பக்கம் தட்டுங்கள். ஒட்டும் பாய் வெளியே புடைக்காமல் இருக்க இந்தப் பள்ளம் வேண்டும்.

4. குழிகளில் மிஞ்சியிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும் துரு மாற்றும் திரவத்தைத் தடவுங்கள். துரு கறுப்பாக மாறும். டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, மேலே படிந்திருப்பதை லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். தடிப்பான, உதிரும் துருவின்மேல் இதைத் தடவுவதில் பயனில்லை.

5. ஓட்டையைவிடப் பெரிதாக இரண்டு, மூன்று துண்டுப் பாய்களை வெட்டுங்கள். ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் அது சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால், கொதித்துப் புகைந்து விரிசல் விடும். முடிந்தால் உள்பக்கத்திலிருந்தும், இல்லையென்றால் தட்டிய பள்ளத்திலும் பாயை வைத்து, பிரஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். மட்கார்டுக்குள் ஏதாவது ஒயர் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. இறுகியதும் 80 எண் தாளால் தேய்த்துவிட்டுப் புட்டி போடுங்கள். எலுமிச்சம்பழ அளவு புட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர். கோடு தெரியாமல் ஒரே நிறமாகக் கலக்க வேண்டும். ஒரு பூச்சு 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தேவையென்றால் காய்ந்த பிறகு இன்னொன்று. 80, 180, 320 என்று தேய்த்துக்கொண்டே போங்கள். தண்ணீர் தொடாமல் தேயுங்கள், ஏனென்றால் புட்டி ஈரத்தை உறிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் கைக்குத் தெரியும்.

7. தேய்த்த தகட்டை இரவு முழுக்கத் திறந்து விடாதீர்கள். நம் காற்றின் ஈரத்துக்குக் காலையில் புதுத் துரு படிந்திருக்கும். அன்றைக்கே ப்ரைமர் அடியுங்கள், மெல்லியதாக இரண்டு மூன்று முறை. காய்ந்ததும் 600 எண் தாளால் லேசாகத் தேய்த்து, டப்பாவில் சொன்ன தூரத்திலிருந்து நிறத்தை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். கடைசியில் கிளியர்.

8. பலர் விட்டுவிடும் படி இது. ஒட்டின் உள்பக்கத்துக்கு, அடித்தளத்தில் பூசும் கறுப்புப் பூச்சோ துரு தடுக்கும் மெழுகு ஸ்பிரேயோ அடியுங்கள். தண்ணீர் வெளியேறும் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். உள்பக்கம் காப்பு இல்லையென்றால் வெளியே செய்த உழைப்பெல்லாம் வீண்.

ஓட்டையில் நாளிதழைத் திணித்து, நேரே புட்டியை அப்பி, பெயிண்ட் அடிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. காகிதமும் புட்டியும் ஈரத்தைக் குடித்து, சுற்றியுள்ள நல்ல தகட்டையும் சேர்த்து அரிக்கும். ஒழுங்காகப் போட்ட ஃபைபர் ஒட்டுகூட நிரந்தரம் அல்ல. ஃபைபர் துருப்பிடிக்காது, சுற்றியுள்ள இரும்பு பிடிக்கும். அதனால் ஒட்டுப் போட்ட இடத்தை மாதம் ஒரு முறை பார்த்து வாருங்கள்.

தூணில் ஓட்டையென்றால்

வெல்டிங் செய்யும் பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கெட்ட தகட்டை வெட்டி எடுப்பீர்களா, இல்லை மேலேயே தகட்டை வைத்து ஒட்டுவீர்களா? வெல்டிங் முடிந்து புட்டி போடும் முன் வந்து பார்க்கலாமா, அல்லது படம் எடுத்து அனுப்புவீர்களா? வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்துபோகுமே, அதற்கு என்ன பூசுவீர்கள்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். 'எல்லாம் சிமென் போட்டு மூடிடலாம்' என்று காலடிப் படிக்கோ தளத்துக்கோ யாராவது சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நமக்கு ஓரளவு மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. இருக்கை, கார்ப்பெட் போன்றவற்றை நாமே கழற்றிக் கொடுத்தால் கூலி குறையுமா என்று கேட்கலாம். வெல்டிங்கை மட்டும் பட்டறையில் செய்துவிட்டு, பெயிண்டை நாமே அடிக்கலாம். இருபுறப் படியும் தளமும் அப்சோர்பர் மேடையும் சேர்ந்தே போயிருந்தால், செலவு காரின் விலையைத் தாண்டலாம். அப்போது காருக்கு விடை கொடுப்பதுதான் சிக்கனம். மனம் கேட்காது. ஆனால் அதில் உட்காரப் போவது நம் பிள்ளைகள்.

அடுத்தவர் பிள்ளைகளும்தான்

துருவை மறைத்து விற்றால் சில நூறு வெள்ளி கூடக் கிடைக்கலாம். வாங்குகிறவர் பெரும்பாலும் நம்மைப் போலவே கணக்குப் பார்த்து வாழும் ஒரு குடும்பத்தலைவர், அல்லது முதல் சம்பளத்தில் கார் வாங்கும் ஓர் இளைஞர். ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டி, வேலை செய்தபோது எடுத்த படங்களையும் கொடுத்து விற்பது மரியாதை.

நாம் வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போகலாம். தகட்டில் ஒட்டும், தடித்த புட்டியின்மேல் வழுக்கும். அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களிலும் ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் கேள்வி கேளுங்கள்.

கையில் இப்போது இருக்கும் காருக்குச் செலவே இல்லாத வைத்தியம் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு காலை, கதவடித் துளைகளை ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். வைப்பர் பள்ளத்து இலைகளை அள்ளிப் போடுங்கள். சக்கர வளைவின் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை வெளியேற்றுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால், வெள்ளநீரைக் கடந்து வந்தால், அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கல் தெறித்துப் பெயிண்ட் போன இடத்தில் அன்றைக்கே ஒரு சொட்டு டச்சப் வையுங்கள். மொத்தத்தில் அரைமணி நேர வேலை. பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். துளைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால், நாளை அவர்கள் ஓட்டப்போகும் காருக்கும் அது உதவும்.